நூற்று நாற்பத்தாறு

மாசிலாமணிக்கு ஐம்பத்து நான்கு வயது. கோயம்புத்தூரில், பச்சிளம் குழந்தைகளைக் கதகதப்பாக வைத்திருக்கும் வார்மர் கருவி செய்யும் சிறு நிறுவனத்தில் பொறியாளர். ஜெசிந்தாவுக்கு முப்பத்து மூன்று. நாகர்கோவிலில் வீட்டிலிருந்தபடியே, உலகத்தில் பலரும் சேர்ந்து எழுதும் ஒரு கணினி இயங்குதளத்தின் கர்னலில், அதாவது அதன் மைய நிரலில், ஒரு பகுதியைக் கவனித்துக்கொள்கிறவர். ஒரு கருவியை இயக்கும் நிரலான டிரைவரை யார் எழுதி அனுப்பினாலும் அவர் பார்த்துச் சம்மதித்தால்தான் அது உள்ளே போகும். இரண்டு வருடமாக மாசிலாமணி அவரிடம்தான் கற்றுக்கொண்டிருந்தார்.

வார்மரின் டிரைவரை முன்பு வேறொருவர் எழுதியிருந்தார். அவர் வேலையை விட்டுப் போய் ஏழு வருடம் ஆகிறது. வெப்பத்தை மாற்றுவதற்காக அவர் வெளியே ஒரு சிறு கோப்பைத் திறந்து வைத்திருந்தார். அதில் ஓர் எண்ணை எழுதினால் கருவி அதன்படி சூடாகும். ஆனால் அந்த எண் டிகிரி கிடையாது. சிப்புக்குள் போகிற எண், டிகிரியைப் போல நான்கு மடங்கு. முப்பத்தாறரை டிகிரி வேண்டுமென்றால் நூற்று நாற்பத்தாறு என்று எழுத வேண்டும். அது எங்கும் விளக்கப்பட்டிருக்கவில்லை.

மாசிலாமணிக்கு அதைப் பார்த்ததும் எரிச்சல் வந்தது. பத்து நாள் உட்கார்ந்து திருத்தினார். மற்ற டிரைவர்களில் உள்ள வழக்கப்படி, டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்கை அலகாக வைத்தார். இனி முப்பத்தாறாயிரத்து ஐந்நூறு என்று எழுதினால் முப்பத்தாறரை டிகிரி. கோப்பின் பெயரை மட்டும் மாற்றவில்லை. அனுப்பிவிட்டுப் பாராட்டு வருமென்று காத்திருந்தார்.

ஏற்க முடியாது என்று ஒரே வரியில் பதில் வந்தது.

மாசிலாமணி மறுநாளே பஸ் ஏறி நாகர்கோவிலுக்கு வந்துவிட்டார். அலகை ஒழுங்காக வையுங்கள் என்று எல்லோருக்கும் சொல்லிக்கொடுப்பதே நீங்கள்தானே, அதைத்தானே செய்தேன் என்று கேட்டார். குரலில் வருத்தம் இருந்தது.

ஜெசிந்தா அவருக்குக் காப்பி கொடுத்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, “உங்க புது டிரைவரை எடுத்துட்டு வாங்க சார்” என்றார்.

மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. அங்கே வார்மர்களைப் பழுதுபார்ப்பவர் போன வருடம் ஏதோ சந்தேகம் கேட்டு ஜெசிந்தாவுக்கு எழுதியிருந்தார். அந்தப் பழக்கத்தில் உள்ளே விட்டார்கள். ஸ்டோர் அறையில் ஒரு வார்மர் சும்மா கிடந்தது. மாசிலாமணி அதில் தன் டிரைவரை ஏற்றினார்.

வார்டிலிருந்து ஒரு சிஸ்டர் வந்தார். எடை குறைந்து பிறந்த குழந்தைக்கு வைப்பது போல இதை வைத்துக் காட்ட முடியுமா என்று ஜெசிந்தா கேட்டார். சிஸ்டர் தலையாட்டினார். வார்மரின் பக்கவாட்டில் பிளாஸ்திரி போட்டு ஒரு தாள் ஒட்டியிருந்தது. ‘சாதா எடை 144. எடை குறைவு 146.’ ஆனால் சிஸ்டர் அதைப் பார்க்கக்கூட இல்லை. மனப்பாடமாக மூன்று விசைகளைத் தட்டினார்.

தட்டிய எண் அப்படியே கோப்புக்குள் போனது. டிரைவர் அதை ஒரு டிகிரிக்கும் குறைவான வெப்பமாக எடுத்துக்கொண்டது. கேட்டதற்கு மேலேயே வெப்பம் இருந்ததால் ஹீட்டரை அது இயக்கவில்லை. பச்சை விளக்கு எரிந்தது. அலாரம் எதுவும் அடிக்கவில்லை.

சிஸ்டர் மெத்தையில் உள்ளங்கையை வைத்தார். சற்று நேரம் கழித்து மறுபடி வைத்துப் பார்த்தார்.

“சூடாகலியே சார்.”

மாசிலாமணி, வார்டிலும் இப்படித் தொட்டுப் பார்ப்பீர்களா என்று கேட்டார்.

“நேரம் இருந்தா பார்ப்பேன். மூணு பிள்ளைங்க வந்துட்டா, எண்ணைப் போட்டுட்டு அடுத்த பிள்ளைகிட்ட போயிருவேன். பச்சை எரியுதுல்ல.”

அவரை யாரோ கூப்பிட்டார்கள். போய்விட்டார்.

மாசிலாமணி அந்தக் குளிர்ந்த மெத்தைமேல் தன் கையை வைத்தார். வெகுநேரம் அதை விலக்கவில்லை. அவருடைய மகள் எட்டு மாதத்தில் பிறந்தவள்.

பழைய டிரைவரைத் திரும்ப ஏற்றி, வார்மர் சூடாகிறதா என்று ஜெசிந்தா தொட்டுப் பார்த்த பிறகு இருவரும் கிளம்பினார்கள். வாசலில் மாசிலாமணி, இங்கே நானே புதுத் தாள் எழுதி ஒட்டிவிடுகிறேன் என்றார். இந்த மாதிரி எத்தனை ஓடுகிறது என்று ஜெசிந்தா கேட்டார். விற்றது நானூறு, கைமாறிப் போனவை எங்கெங்கே இருக்கின்றன என்று தெரியாது என்றார். சொல்லும்போதே அவர் குரல் இறங்கிவிட்டது.

ஊருக்குத் திரும்பிய மாசிலாமணி பழைய கோப்பை, அதன் நான்கு மடங்குக் கணக்கோடு, இருந்தபடியே திரும்ப வைத்தார். அதன் பக்கத்தில் வேறு பெயரில் ஒரு புதுக் கோப்பைத் திறந்தார். எது என்ன அலகு, எவ்வளவு வரை எழுதலாம் என்று இரண்டுக்கும் விளக்கம் எழுதினார். எதற்கும் இருக்கட்டுமே என்று தான் சேர்த்து வைத்திருந்த வேறு ஆறு அமைப்புகளை, அவற்றையும் யாராவது நம்பிவிடுவார்களே என்று, யாரும் சொல்லாமலே எடுத்துவிட்டார்.

ஜெசிந்தா ஏற்றுக்கொண்டார்.

ஒரு வாரம் கழித்து மாசிலாமணி போன் செய்தார். நன்றி சொன்னார். பிறகு தயங்கித் தயங்கி, மனதில் கிடந்ததைக் கேட்டார்.

“அந்தப் பழைய கோப்பை எப்பதான் மேடம் எடுக்கலாம்?”

“அன்னைக்கு நமக்கு வார்மர் வச்சுக் காட்டினாங்களே, அந்த சிஸ்டர் பேரு என்ன சார்?”

மாசிலாமணி யோசித்தார். கேட்டுக்கொள்ளவில்லை என்றார்.

“நானும் கேக்கல. அந்தக் கோப்பை நம்பி இருக்கிற ஒவ்வொருத்தர் பேரும் நமக்குத் தெரியட்டும். அப்புறம் அவங்ககிட்ட கேட்டுட்டு எடுக்கலாம்.”