வஞ்சிரம் வாய் மூடிய கதை

ஒரு காட்டில் மரமே இல்லை. செடி இல்லை, கொடி இல்லை, நிழல்கூட இல்லை. ஏனென்றால், குழந்தைகளே, அந்தக் காடு கடலுக்குள் இருந்தது.

தென்மேற்குக் காற்று பலமாக வீசும் மாதங்களில் ஆழத்துக் குளிர்ந்த தண்ணீர் மேலே வரும். அது வந்த சில நாளில் கடல் பச்சையாகிவிடும். அந்தப் பச்சையில் ஒரு கை அள்ளினால் வெறும் தண்ணீராகத்தான் தெரியும். ஆனால் அதற்குள் ஆயிரமாயிரம் பாசித் துகள்கள் மிதந்துகொண்டிருக்கும். ஒவ்வொன்றும் கண்ணுக்குத் தெரியாத ஒரு செடி.

அந்தக் காட்டில் மேய ஒரு சாளைக் கூட்டம் வந்தது. சில ஊர்களில் சாளையை மத்தி என்பார்கள்.

சாளைகள் சாப்பிடுவதே ஓர் அழகு. கூட்டம் முழுவதும் வரிசை கட்டி நிற்கும். முன்வரிசை, "வாய் திற!" என்று குரல் கொடுக்கும். அந்தக் குரல் வரிசை வரிசையாகப் பின்னால் போகும். உடனே எல்லாச் சாளைகளும் வாயை அகலத் திறந்துகொண்டு நீந்தும். தண்ணீர் வாய்க்குள் புகுந்து செவுள் வழியாக வெளியே போகும். செவுளுக்குள் சீப்புப் பற்களைப் போல முட்கள் நெருங்கியிருக்கும். பச்சை அவற்றில் தங்கிவிடும். முன்வரிசைக்குத்தான் நிறையக் கிடைக்கும். அதனால் கொஞ்ச தூரம் மேய்ந்ததும் முன்வரிசை தானாகவே நழுவிக் கடைசிக்குப் போய்விடும். யாரும் யாரையும் நகரச் சொல்ல வேண்டியதில்லை.

அந்தக் கூட்டத்தின் ஓரத்தில் செதிலி என்றொரு சாளை நீந்தும். நாலு பேர் பார்த்தால் அதற்குப் பேச்சு வராது. ஆனால் கண் மட்டும் சும்மா இருக்காது. எந்தச் சாளைக்கு எந்தப் பக்கம் செதில் உதிர்ந்திருக்கிறது, பட்டால் அரிக்கும் எந்தச் சொறிமுட்டை ஜெல்லிமீன் நேற்றைவிட இன்று கிட்டே வந்திருக்கிறது என்பதெல்லாம் செதிலிக்குத் தெரியும். தெரிந்ததை அது யாரிடமும் சொல்லாது.

செதிலியின் தங்கை மினுக்கி. அதற்குத் தன் முதுகின் நீலத்தை யாராவது புகழ்ந்துகொண்டே இருக்க வேண்டும்.

இரண்டு நாளாக ஒரு வஞ்சிரம் அந்தக் கூட்டத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது. ஆள் நீளம், வெள்ளி உடம்பு, கத்தி போன்ற பற்கள். ஆனால் ஒரு சாளைகூடச் சிக்கவில்லை. அது பாய்ந்தால் கூட்டம் மொத்தமாகத் திரும்பும். ஆயிரம் வெள்ளி ஒன்றாக மின்னும். எதைக் கவ்வுவது என்று தெரியாமல் வஞ்சிரத்தின் கண் கூசிப்போகும்.

மூன்றாம் நாள் காலை அது பாயவில்லை. தள்ளி நின்று வட்டமடித்தபடி கடகடவென்று சிரித்தது.

"என்ன அண்ணாச்சி, சிரிக்கிறீர்கள்?" என்று மினுக்கி கேட்டது.

"சிரிக்காமல் என்ன செய்ய? ஆயிரம் பேர் 'ஆ' என்று வாயைப் பிளந்துகொண்டு வருகிறீர்களே! திறந்த வாயில் எது விழுகிறது என்றாவது தெரியுமா? காற்றில் உப்பிய படகுப் பாய் மாதிரி இருக்கிறது!"

சாளைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. நடுவரிசையில் ஒரு சாளை மெல்ல வாயை மூடியது.

"நெத்திலியைப் பாருங்கள்" என்றது வஞ்சிரம். "ஒவ்வொன்றாகத் தேடி, பார்த்து, இறால் குஞ்சாகப் பொறுக்கித் தின்கிறது. அதல்லவா நாகரிகம்! இவ்வளவு அழகான முதுகை வைத்துக்கொண்டு, தங்கச்சி, நீ இப்படி வாயைப் பிளக்கலாமா?"

மினுக்கிக்கு முதுகு முழுவதும் கூசியது. "இனிமேல் நான் பொறுக்கித்தான் தின்பேன்!" என்றது.

"நானும்!"

"நானும்தான்!"

செதிலியும் வாயை மூடிக்கொண்டது. ஏன் மூடினோம் என்று அதற்கே தெரியவில்லை. வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

அன்று காலை யாரும் "வாய் திற" என்று குரல் கொடுக்கவில்லை. ஒரு சாளை ஓர் இறால் குஞ்சைத் துரத்திக்கொண்டு கிழக்கே போனது. இன்னொன்று மேற்கே போனது. வரிசை பிரிந்தது. பச்சைத் தண்ணீர் அவற்றின் மூக்குக்கு முன்னாலேயே தொடாமல் கிடந்தது. நெத்திலியின் வாய்க்கு அந்த வேலை சரி. சாளைகளோ பாதிப் பொழுது அலைந்தும் அரை வயிறு நிரம்பவில்லை.

நடுப்பகலில் செதிலி ஒன்றைக் கவனித்தது. வாலில் வெட்டுள்ள சாளையைக் காணோம். எப்போதும் விக்கும் சாளையைக் காணோம். கிழக்கே போன இரட்டையர் இருவரையும் காணோம். வஞ்சிரத்தின் வயிறு மட்டும் காலையில் இருந்ததைவிடப் புடைத்திருந்தது.

செதிலி தங்கையிடம் ஓடியது. "மினுக்கி, வா, வரிசைக்குப் போவோம்."

"போய் மறுபடியும் வாயைப் பிளக்கவா? உனக்கு வெட்கமே இல்லையா, அக்கா?"

"நாலு பேரைக் காணோம்டி!"

"நல்ல இரை தேடித் தூரம் போயிருப்பார்கள். அண்ணாச்சி எனக்கும் ஓர் இடம் காட்டுகிறேன் என்றிருக்கிறார். அங்கே பச்சையே இல்லையாம், கண்ணாடி மாதிரித் தண்ணீராம். ஒவ்வொரு இறாலும் என் தலை அளவு பெரிதாம்!"

சொல்லிவிட்டு மினுக்கி வாலை ஒரு சொடுக்குச் சொடுக்கிப் புறப்பட்டது. முன்னால் வஞ்சிரம் போனது. பின்னாலேயே செதிலி போனது.

தெளிந்த தண்ணீரின் விளிம்பு வந்தது. ஒளிய ஒரு துளிப் பச்சை இல்லை. "இங்கேதான் தங்கச்சி, இன்னும் கொஞ்சம் முன்னே வா" என்றபடி வஞ்சிரம் மினுக்கியைச் சுற்றி வட்டமடித்தது. அடுத்த வட்டம் சிறியதாக இருந்தது. அதற்கடுத்தது இன்னும் சிறியது.

செதிலி அதன் முகத்தையே பார்த்தது. மூன்று நாளாகப் பார்த்துக்கொண்டிருந்த முகம்தான். ஆனால் இப்போதுதான் ஒன்று உறைத்தது. இந்த வஞ்சிரம் மூன்று நாளில் ஒரு கணமும் நின்றதில்லை. பேசும்போதும் நீந்தியது, சிரிக்கும்போதும் நீந்தியது. அதன் வாயும் ஒரு கணமும் முழுதாக மூடியதில்லை. ஒரு விரல் அளவு எப்போதும் திறந்தே இருந்தது. அந்த இடைவெளியில் புகும் தண்ணீரில்தான் அது மூச்சு விட்டது.

வாழ்நாளில் முதல் தடவையாகச் செதிலி உரக்கப் பேசியது.

"அண்ணாச்சி!"

வஞ்சிரம் திரும்பியது. "இது யார்?"

"மினுக்கியின் அக்கா. அண்ணாச்சி, எங்களுக்கு வாய் மூடிப் பழக்கமில்லை. மூடினாலும் திறந்துகொள்கிறது. நாகரிகமாக வாயை மூடிக்கொண்டு அசையாமல் நிற்பது எப்படி என்று ஒரு தடவை நின்று காட்டுங்களேன். கூட்டமே வந்து பார்த்துக் கற்றுக்கொள்ளும்."

வஞ்சிரத்தின் கண் மின்னியது. கூட்டமே வருமா? அதுவும் இந்தக் கண்ணாடித் தண்ணீருக்கா?

"அதற்கென்ன, கூப்பிடு!" என்றது.

செதிலி கூப்பிட்டது. "வாருங்கள்! அண்ணாச்சி வாய் மூடி நிற்கப் போகிறார்!" வேடிக்கை என்றால் சாளைகளுக்குக் கேட்கவா வேண்டும்? நாலா திசையிலும் சிதறியிருந்தவை தோளோடு தோள் உரசிக்கொண்டு ஓடி வந்தன. பார்க்க வசதியாக இருக்கட்டும் என்று அவை தாமாகவே வரிசை கட்டிக்கொண்டன.

வஞ்சிரம் துடுப்புகளை ஒடுக்கியது. வாயை இறுக மூடியது. அசையாமல் நின்றது. பார்க்க உண்மையாகவே கம்பீரமாகத்தான் இருந்தது.

"அடேயப்பா!" என்றது முன்வரிசை.

"இன்னும் கொஞ்ச நேரம் அண்ணாச்சி" என்றது செதிலி. "பின்வரிசைக்குச் சரியாகத் தெரியவில்லை."

வஞ்சிரத்தின் செவுள் மூடிகள் துடித்தன.

"வடக்கிலிருந்து இப்போதுதான் பத்துப் பேர் வருகிறார்கள். அவர்களும் பார்க்கட்டும்."

வஞ்சிரத்தின் கண் பிதுங்கியது. ஆனால் ஆயிரம் சாளைகள் பார்த்துக்கொண்டிருக்கும்போது எப்படி வாயைத் திறப்பது? காலையில் சொன்ன பேச்சு என்னாவது? அதன் வால் கீழே சரிந்தது. உடம்பின் வெள்ளி மங்கியது. கல்லைப் போல மெல்ல மெல்ல அது அமிழ்ந்தது.

"அண்ணாச்சி, கீழே போகிறீர்களே!" என்றது மினுக்கி.

அதற்கு மேல் தாங்கவில்லை. "ஆ!" என்று வஞ்சிரம் வாயைப் பிளந்தது. எந்தச் சாளையும் அவ்வளவு அகலமாகப் பிளந்ததில்லை. உள்ளே பற்களும், பற்களின் இடுக்கில் சிக்கிய வெள்ளிச் செதில்களும் எல்லோருக்கும் தெரிந்தன. விக்கும் சாளையின் செதில் எது என்றுகூடச் செதிலிக்கு அடையாளம் தெரிந்தது.

முன்வரிசை சட்டென்று பின்வாங்கியது.

"வாய் திற!" என்று செதிலி கத்தியது.

அந்தக் குரல் வரிசை வரிசையாகப் பின்னால் போனது. ஆயிரம் வாய்கள் ஒன்றாகத் திறந்தன. ஆயிரம் முதுகுகள் ஒன்றாகத் திரும்பின. வஞ்சிரம் மூச்சு வாங்கி வேகம் பிடிப்பதற்குள் கூட்டம் முழுவதும் பச்சைக்குள் புகுந்துவிட்டது. பின்னாலேயே பாய்ந்த வஞ்சிரத்துக்கு முன்னும் பின்னும் பச்சை, மேலும் கீழும் பச்சை. தன் மூக்குக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. வாயைத் திறந்தபடி அது மூச்சிரைக்கச் சுற்றியது.

பச்சைக்குள்ளிருந்து மினுக்கியின் குரல் கேட்டது.

"அண்ணாச்சி, வாய்! யாராவது பார்த்துவிடப் போகிறார்கள்!"

வரிசை வரிசையாகச் சிரிப்பு ஓடியது. சிரிக்கவும் வாய் திறக்கத்தான் வேண்டியிருந்தது. அந்தச் சிரிப்போடு பச்சையும் உள்ளே போனது. அன்று மாலைக்குள் எல்லா வயிறும் நிரம்பியது.

முன்வரிசையின் நடுவில் செதிலி நீந்தியது. ஆயிரம் பேர் தன்னைப் பார்ப்பது தெரிந்தும் அது கூசவில்லை. தலையை நிமிர்த்தி, எவ்வளவு அகலமாக முடியுமோ அவ்வளவு அகலமாக வாயைத் திறந்துகொண்டு போனது. கொஞ்ச தூரம் மேய்ந்ததும், யாரும் சொல்லாமலே, நழுவிக் கடைசி வரிசைக்குப் போனது. அங்கே மினுக்கி அதற்குப் பக்கத்தில் இடம் விட்டு வைத்திருந்தது.

நீதி: உன்னை வாழவைக்கும் வழக்கத்தை ஒருவர் கேலி செய்தால், வெட்கப்படுவதற்கு முன் கேலி செய்பவரை உற்றுப் பார்.