மயில் கட்டிய துறை

ஒரு காட்டில் கவுதாரி ஒன்று ஆறு குஞ்சுகளோடு வாழ்ந்தது. விடிந்தால் அதற்கு ஒரே கவலை: இன்றைக்கு இந்த ஆறுக்கும் எங்கே தண்ணீர் காட்டுவது?

முன்பு இந்தக் கவலை இல்லை. காட்டு நடுவே இருந்த குளத்தின் கிழக்குக் கரை சேறும் சகதியுமாகச் சரிந்து கிடந்தது. யானை முதல் எலி வரை எல்லோரும் அங்கேதான் தண்ணீர் குடித்தார்கள். அது பார்க்க லட்சணமாக இல்லை என்று மயில் சொல்ல, காடே தலையாட்டியது. மயில் பன்றிகளை வேலை வாங்கிச் சரிவை வெட்டியது. வழவழப்பான கற்களை அடுக்கி, மேலிருந்து குனிந்தால் தன் கழுத்து தண்ணீரை எட்டும் உயரத்துக்கு ஒரு கரை எழுப்பியது.

அழகுதான், யார் இல்லையென்றது? ஆனால் எட்டியவர்கள் குடித்தார்கள், எட்டாதவர்கள் வருவதை நிறுத்தினார்கள். எலியும் முயலும் கவுதாரியும் தண்ணீர் தேடி மேற்குக் கரையின் கோரைப் புதருக்குப் போயின. ஒரே மாதத்தில் மான்களுக்கு முயல்களின் முகமே மறந்துவிட்டது. கோரைக்குள் பதுங்கியிருந்த காட்டுப்பூனைக்கு மட்டும் எல்லோரையும் நன்றாகத் தெரிந்தது.

கவுதாரி மூன்று முறை போய் முறையிட்டது. முதல் முறை, மயில் கரையோரம் வெள்ளைக் கூழாங்கல் பதித்தது. இரண்டாம் முறை கொன்றைப்பூ தொங்கவிட்டது. மூன்றாம் முறை, போகப் போகப் பழகிவிடும் என்றது. தண்ணீர் எட்டவில்லை என்றால் பூவைக் கட்டுகிற இந்தப் பிறவியிடம் இன்னும் எப்படித்தான் சொல்வது? கவுதாரிக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

ஒரு நாள் கோரைப் புதரில் பூனையின் நகம் கடைக்குட்டியின் முதுகைக் கீறிவிட்டது. கவுதாரி நேரே மயிலிடம் போனது.

"மயிலண்ணே, இனி நான் எதுவும் சொல்லல. நாளைக்கு ஒரு வேளை மட்டும் இதுங்களுக்கு நீங்களே உங்க துறையில தண்ணி காட்டுங்க."

"இதுல என்ன கஷ்டம்?" என்றது மயில். ஆண்மயில்கள் குஞ்சு வளர்ப்பதில்லை. குஞ்சுகள் எப்படித் தண்ணீர் குடிக்கும் என்று அது ஒரு நாளும் பார்த்ததில்லை.

மறுநாள் காலை ஆறு குஞ்சுகளும் கல்விளிம்பில் வரிசையாக நின்றன. குனிந்தன. எட்டவில்லை. இன்னும் குனிந்தன. கடைக்குட்டி வழுக்கித் தண்ணீரில் விழுந்தது. ஏறப் பார்த்தால் கல்லில் கால் பாவவில்லை. கவுதாரி அலறிக்கொண்டு ஓடி வந்தது. மயில் கழுத்தை நீட்டியது, அலகுக்குள் எதுவும் சிக்கவில்லை. பதறிப்போய்ச் சட்டென்று திரும்பி, தன் நீண்ட தோகையைத் தண்ணீருக்குள் சரித்தது. குஞ்சு அதைப் பற்றித் தத்தித் தத்தி மேலே ஏறி வந்தது.

மயில் நனைந்த தோகையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு பன்றிகளைக் கூப்பிட்டு, கரையின் நடுவே கற்களைப் பெயர்த்து, தோகை கிடந்த அதே சாய்வில் மண்ணைக் கொட்டச் சொன்னது. குஞ்சுகளை அதில் நடக்கவிட்டு, கால் சறுக்கிய இடமெல்லாம் திருத்தியது. சாயங்காலம் முயல்களும் எலிகளும் திரும்பி வந்தன.

"என்ன கற்பனை! இந்த யோசனை உங்களுக்கு எப்படி வந்தது?" என்று மான் வியந்தது.

"குஞ்சு விழுந்தப்ப வந்துச்சு" என்று மயில் தலைகுனிந்து சொன்னது.

மூன்று முறை வாயால் சொன்னபோது வந்திருக்கக் கூடாதா என்று கவுதாரிக்கு எரிச்சல் பொங்கியது. ஆனால் ஆறு குஞ்சுகளும் மான்களின் கால்களுக்கு நடுவே நின்று குடித்துக்கொண்டிருந்தன. அதனால் தானும் சரிவில் இறங்கி ஒரு வாய் குடித்தது.

ஒன்றை வடிவமைப்பவர் அதைப் பார்த்து வியப்பவரை அல்ல, அதைப் பயன்படுத்த முடியாமல் தவிப்பவரையே முதலில் கவனிக்க வேண்டும்.