காலைக் கீழே வைக்காத முதலாளி

கடைத்தெரு முழுக்க அம்பலவாணனுக்குச் சொந்தம். அவருடைய பழைய காரில் சீட் கிழிந்து பஞ்சு தொங்கியது. பின் சீட்டுக்குக் கீழே கால் வைக்கும் தரைத் தகடு துருவேறி விரிசல் விட்டிருந்தது.

சீட் தைக்கும் செல்வக்கனி கடையில் வண்டியை நிறுத்தினார்.

"ஸ்கூல் பிள்ளைகளை ஏத்துற காதர் இதை வாங்க வர்றான். சீட்டுக்குப் புது உறை போடு. விரிசலை ரப்பர் விரிப்பால மூடு."

"பிள்ளைங்க ஏறுற வண்டிங்க ஐயா. தகடு வச்சு வெல்டிங் பண்ணிரலாமே?"

"சொன்னதைச் செய். அவன்கிட்ட வாயைத் திறந்தே, கடையைக் காலி பண்ண வச்சிருவேன்."

செய்தாள். சீட் கல்யாண மாப்பிள்ளை போல ஜொலித்தது.

மறுநாள் காதர் வந்தார். வேடிக்கை பார்க்கத் தெருவே கூடியது.

"ஐயா, நீங்களே பின்னால உக்காந்து ஒரு சுத்து வாங்க. சீட்டுக்கு அதைவிடக் கௌரவம் உண்டா?" என்றாள் செல்வக்கனி.

அம்பலவாணன் பெருமையாக ஏறினார். ஏறியதுமே, விரிசலுக்குப் பயந்து வழக்கம்போல இரண்டு காலையும் தூக்கிச் சம்மணம் போட்டுக்கொண்டார்.

ஓட்ட உட்கார்ந்த காதர் கண்ணாடியில் பார்த்தார். "காலைக் கீழ வைங்க ஐயா."

"வேண்டாம்ப்பா, இதுதான் வசதி."

காதர் சந்தேகப்பட்டு இறங்கி வந்து விரிப்பைத் தூக்கினார். விரிசல் வழியே ரோடு தெரிந்தது.

"சொல்லிட்டியாடி?" என்று அம்பலவாணன் பாய்ந்தார்.

"நான் வாயைத் திறக்கலைங்க, தெருவே சாட்சி. காட்டிக் குடுத்தது உங்க காலு. இறங்குங்க, தகடு அடிக்கணும்."