நூவர் முகம் திருப்பிய திசை

கதைக்குள் நுழையுமுன், 'வடகோள்' என்னும் திரைப்படத்தின் ஒரு காட்சியை நீங்கள் அறிந்திருக்க வேண்டும். அந்தக் கோளில் வாழ்பவர் நூவர். அவர்களுள் ஒருவன் இறக்கிறான். உறவினர் உடலைச் சூழ்ந்து வட்டமாக நிற்கின்றனர். ஆனால் அனைவரும் உடலுக்கு முதுகு காட்டியே நிற்கின்றனர். பூமியிலிருந்து சென்ற கதாநாயகன், "கல் நெஞ்சர்கள்" என்று சொல்லி விலகுகிறான். அப்போது இறந்தவனின் தாய் வட்டத்துக்கு வெளியே மெல்லச் சுற்றி நடப்பது ஒரு கணம் தெரிகிறது. படம் வேறு விளக்கம் எதையும் தருவதில்லை.

திண்டுக்கல்லில் ஒரு ரோஸ்மில்க் கடையில், அந்தப் படத்தின் ரசிகர் நால்வர் இந்தக் காட்சிக்காக ஓயாமல் சண்டையிட்டனர். நூவரைப் படம் இழிவுபடுத்திவிட்டது என்பது சுகந்தியின் கட்சி.

"நம்மள மாதிரி அழலேன்னா மனசே இல்லேன்னு ஆயிருமா? எடுத்தவனுக்கு அந்த சனத்தப் பத்தி ஒண்ணுமே தெரியல."

"நாம பார்த்தா செத்தவன் போக மாட்டான்னு அவங்க நம்பிக்கை," என்றான் தயாளன்.

"நூவருக்கு முகமூடி செய்யக் காசு பத்தல மச்சி. அதான் முதுகக் காட்டிட்டான்," என்று கபீர் சிரித்தான்.

எட்வின் மட்டும், "முதுகையே பாக்காதீங்க. முகம் எந்தப் பக்கம் இருக்குன்னு பாருங்க," என்றான்.

"சப்பைக்கட்டு கட்டாதடா," என்று சுகந்தி எழுந்து போய்விட்டாள்.

எட்வினின் சிறுநீரகங்கள் பழுதாகிக்கொண்டிருந்ததை அப்போது யாரும் அறிந்திருக்கவில்லை. பின்னர் மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தபடி அவன் மூவரிடமும் ஒரு வாக்குக் கேட்டான்.

"நான் போறப்ப நூவர் மாதிரி நில்லுங்க. அவ்வளவுதான்."

"வாய மூடுறா," என்றாள் சுகந்தி. ஆயினும் மூவரும் வாக்குக் கொடுத்தனர்.

அவன் இறந்த அன்று வீட்டுக் கூடத்தின் நடுவில் சவப்பெட்டி வைக்கப்பட்டிருந்தது. அவனுக்கென்று இருந்த ஒரே உறவு தாய் பிலோமினாள். மயங்கி விழுந்தவரைப் பெண்கள் தூக்கிச் சுவரோரம் உட்காரவைத்திருந்தனர். பிறகு எல்லாரும் பெட்டியைச் சூழ்ந்துகொண்டனர். அவர் பக்கம் திரும்பியவர் எவருமில்லை. காலையிலிருந்து அவர் அழவும் இல்லை. வாக்கைப் பற்றி ஏதும் அறியாத அவர், நண்பர்களைப் பார்த்து, "மூடப் போறாங்கய்யா. கிட்டப் போயி அவன் முகத்தப் பாத்துருங்க," என்றார்.

தயாளன் பெட்டிக்கு முதுகு காட்டித் திரும்பினான். நேரே வாசலுக்கு நடந்தான். எதிர்வீட்டு மதிலைப் பார்த்தபடி நின்றான். ஒருமுறையும் திரும்பிப் பார்க்கவில்லை.

கபீரால் முடியவில்லை. "மன்னிச்சுருடா மச்சி," என்று குனிந்து, நண்பனின் நெற்றியைத் தொட்டுக் கதறினான்.

சுகந்தி பெட்டியருகே சென்று, அதற்கு முதுகு காட்டி அங்கேயே நின்றாள். "என்ன பொண்ணு இது!" என்று யாரோ முணுமுணுத்தார். பிலோமினாள் எழுந்து வந்தார்.

"ஏம்மா, அவனப் பாக்கலையா?"

"உங்களத்தாம்மா பாத்துக்கிட்டிருக்கேன்."

தாய் அவள் தோளில் முகம் புதைத்து அப்போதுதான் அழுதார். சுகந்தியின் முதுகுக்குப் பின்னால் பெட்டி மூடப்பட்டது.

மூவருள் எட்வினுக்குக் கொடுத்த வாக்கைக் காத்தவர் யார்?

விடை: சுகந்தி. கபீர் வாக்கை மீறினான்; அவன் அன்பில் குறையில்லை. தயாளன் முதுகைத் திருப்பினான். ஆனால் அவன் முகம் கிடைத்தது ஒரு மதிலுக்கு. வட்டமாக நிற்பவர் உள்ளே முதுகு காட்டினால், முகங்கள் வெளியேதான் இருக்கும். படத்தில் அந்த வட்டத்துக்கு வெளியே நடந்தவள் தாய். எந்தப் பக்கம் வந்தாலும் அவளுக்கென ஒரு முகம் காத்திருந்தது. எட்வின் கேட்டது தனக்காக அன்று.

பின்னர் நடந்தவை இவை. அந்தக் காட்சியின் பொருளைப் படமெடுத்தவர் இன்றுவரை சொல்லவில்லை; எட்வின் கண்ட பொருள் அவன் கண்டதாகவே நிற்கிறது. தயாளன் ஞாயிறுதோறும் பிலோமினாளைப் பார்த்துவருகிறான். முகமூடி பற்றிய வேடிக்கையைக் கபீர் விட்டுவிட்டான். தன் கட்சி தவறு என்று சுகந்தி ரோஸ்மில்க் கடையில் ஒப்புக்கொண்டாள். கேட்க வேண்டியவன் அங்கே இல்லை. எட்வினின் முகம் கடைசியில் எப்படி இருந்தது என்பது கபீருக்குத் தெரியும். சுகந்தி அவனிடம் இன்னும் கேட்கவில்லை.