சாட்சி கேட்ட தளபதி

செம்மண் கோட்டைக்கு வெளியே எதிரிப் படை கூடாரம் அடித்துவிட்டது. வாலிபத்தில் இதே எதிரியை விரட்டியடித்த கிழவர்கள், துருப்பிடித்த வேல்களைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் வந்து நின்றார்கள். பல் போனவர்கள், முதுகு வளைந்தவர்கள். முன்னால் நின்றவர் ஒச்சப்பன்.

இளம் தளபதி மார்த்தாண்டன் வயிறு குலுங்கச் சிரித்தான்.

"சண்டை போட்டேன் என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம், பெரியவரே. படையில் சேரச் சாட்சி வேண்டும். உங்களுக்குள்ளேயே சொல்லிக்கொண்டால் செல்லாது. உங்கள் வீரத்தை நேரில் பார்த்த வேறு ஆளைக் காட்டுங்கள்!"

பார்த்தவர்கள் எல்லாம் செத்துப் பல காலம் ஆகிவிட்டது. ஆனாலும் ஒச்சப்பன் மீசையைத் தடவிக்கொண்டார்.

"ஒருத்தர் இருக்கார் சாமி. அவராவே வந்திருக்கார். எங்களை மதில்மேல ஏற விடுங்க, போதும்."

வேடிக்கை பார்க்கத் தளபதியும் கூடவே ஏறினான். மூட்டு கடகடக்க, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு கிழவர்கள் மேலே போய் வரிசையாக நின்றார்கள். கீழே குதிரைமேல் எதிரிச் சேனாதிபதி. அவருக்கும் தலை நரைத்திருந்தது. இடது காது இருக்க வேண்டிய இடத்தில் வெறும் தழும்புதான் இருந்தது.

"சேனாதிபதி ஐயா, சௌக்கியமா? எங்களை ஞாபகம் இருக்கா?" என்று குரல் கொடுத்தார் ஒச்சப்பன்.

சேனாதிபதி நிமிர்ந்து பார்த்தார். அவர் கை தானாக எழும்பி, மிச்சமிருந்த காதை இறுக்கிப் பொத்திக்கொண்டது. அவர் பின்னால் நின்ற படை முழுவதும் அதைப் பார்த்தது. பொழுது சாயுமுன் கூடாரங்களைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

"சாட்சி போதுமா சாமி?"

தளபதி தலையாட்டினான். அப்போதுதான் அவனுக்கே தெரிந்தது, தன் இரண்டு காதையும் தானும் பொத்திக்கொண்டு நிற்பது.