வச்சிரத்தழையும் பூதப்பன் கரடியும்

ஒரு காட்டில் பூதப்பன் என்றொரு கரடி இருந்தது. இருந்தது என்றா சொன்னேன்? படுத்துக் கிடந்தது. இலுப்பைப் பூ உதிர்கிற இடமாகப் பார்த்து வாயைத் திறந்து படுத்துக்கொள்ளும். நாலு எட்டு வைத்தால் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கும்.

ஐப்பசியில் ஆறு பெருகினால் எல்லாரும் மலைக்குகைக்கு ஏறியாக வேண்டும். போன வருஷம் யானைதான் பூதப்பனைப் பின்னாலிருந்து முட்டித் தள்ளி மேலே சேர்த்தது. அந்த யானை இப்போது வேறு காட்டுக்குப் போய்விட்டது.

"இந்த வருஷம் வெள்ளம் என்னைக் கொண்டுபோய்விடும்" என்று பூதப்பன் அழுதது.

நரி வந்தது. "அண்ணே, மலை உச்சியில் வச்சிரத்தழை முளைக்கிறது. தினம் போய் ஒரு பிடி தின்னுங்கள். உடம்பு இரும்பாகிவிடும்."

உயிராசை யாரை விட்டது? பூதப்பன் விழுந்து எழுந்து ஏறியது, தின்றது, இறங்கியது. ஒரே மாதத்தில் மூச்சு சீரானது. "அடடா! தழையென்றால் இதுவல்லவா தழை!" என்று காடெல்லாம் சொல்லித் திரிந்தது.

நரிக்கு நாக்கில் நீர் ஊறியது. "நீங்கள் ஏன் அண்ணே அலைய வேண்டும்? நீங்கள் சேர்த்து வைத்திருக்கும் தேனடையில் தினம் ஒன்று கொடுங்கள். தழையை நானே கொண்டுவந்து தருகிறேன்."

பூதப்பன் சந்தோஷமாக மறுபடி படுத்துக்கொண்டது. நரி ஏறி இறங்கியது. ஆடி போய் ஆவணி வந்தது. கூடவே பழைய மூச்சுவாங்கலும் வந்தது.

"தழை போதவில்லை அண்ணே, இரண்டு பிடி தின்னுங்கள்" என்றது நரி.

பக்கத்துப் புதரில் இருந்த முள்ளம்மை என்ற முள்ளம்பன்றி இதைக் கேட்டது. எதையும் சோதித்துப் பாராமல் நம்பாத பிராணி அது.

"நரியாரே, உடம்பு பளபளவென்று இருக்கிறதே! நீர் எத்தனை பிடி தின்கிறீர்?"

"சீச்சீ! அந்தக் கசப்பை யார் தின்பது?" என்ற நரி, சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டது.

முள்ளம்மை சிரித்தது. "பூதப்பா, இன்றுமுதல் நீ மலை ஏறு, தழையைத் தொடாதே. அதோ, உன்னைப் போலவே தொப்பையோடு கிடக்கிற அந்தக் காட்டுப்பன்றி படுத்தபடியே தழை தின்னட்டும். ஒரு மாதம் கழித்துப் பார்ப்போம்."

"தழை இல்லாமல் ஏறி நான் செத்துப்போனால்?"

"படுத்திருந்தால் மட்டும் வெள்ளம் உன்னை விட்டுவிடுமா?"

மாதம் முடிந்தது. பன்றிக்கு வாய் கசந்ததுதான் மிச்சம். தொப்பை அப்படியே இருந்தது. பூதப்பனோ மலையைத் தினம் இரண்டு தடவை ஏறி இறங்கியது. மறுநாளே பன்றியும் அதன் பின்னால் ஓடியது. நரியிடம் தழை கேட்க ஒருவரும் இல்லை.

ஐப்பசி வெள்ளம் வந்தது. பூதப்பன் முதல் ஆளாகக் குகையை எட்டித் திரும்பிப் பார்த்தது. பாதி வழியில், தண்ணீருக்கு ஒரு சாண் மேலே, நரி நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. வேலை போன நாள்முதல் அது சேர்த்து வைத்த தேனடைகளைத் தின்றுகொண்டு வளையிலேயே கிடந்திருந்தது.

"அண்ணே, காப்பாற்றுங்கள்!"

பூதப்பன் தடதடவென்று இறங்கி, நரியைப் பின்னாலிருந்து முட்டித் தள்ளி மேலே சேர்த்தது.

"வெள்ளம் வடியட்டும் நரியாரே, தினம் என்னோடு மலை ஏற வாரும். தழை மட்டும் வேண்டாம்!"

நீதி: குணம் தந்தது எது என்று சோதித்துப் பார், தழையைத் தின்றது வாய், மலையை ஏறியது கால்.