வராத குன்றிமணி

"மூணு வருஷமா தோக்குறேன், தாயி. இன்னைக்கும் தோத்தா ஊரையே காலி பண்ண வேண்டியதுதான்."

சொன்னவர் மாறப்பன். புளியங்காட்டு ஊர்த்தலைவர். ஐம்பது வயது, தலை முக்கால்வாசி நரை.

கேட்டவள் அணஞ்சி. வளையல் விற்கிறவள். அவரைவிடப் பத்து வயது இளையவள். ஒரு காலத்தில் ராஜாவுக்கு ஒற்று வேலை பார்த்தவள் என்று பேச்சு. அவள் ஆமாம் என்றதுமில்லை, இல்லை என்றதுமில்லை. அதற்காகவே மாறப்பன் அவளைக் குருவாக வைத்துக்கொண்டார்.

"முதல்ல உக்காருங்க அண்ணே."

உட்கார்ந்தார். கையில் கட்டுச்சோறு. பிரிக்கவில்லை.

விஷயம் இதுதான். புளியங்காட்டுக்கும் நெடுங்கரைக்கும் ஒரே ஏரி. மடை யாருக்கு முதலில் என்று அரிவாளால் வெட்டிக்கொண்டிருந்தார்கள். பிணம் பார்த்து அலுத்துப்போன ஒரு ராஜா, "இனிமே மணல்ல அடிச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து வருஷத்துக்கு ஒரு மணல் போர். ஜெயித்த ஊருக்கு மடை முதலில்.

இந்த வருஷம் ஏரியில் பாதித் தண்ணீர். இரண்டாவது ஊருக்குச் சேறுதான் மிஞ்சும். புளியங்காட்டு நாற்று இப்போதே நுனி கருகி நிற்கிறது.

ஆட்டம் பெரிய சூட்சுமம் ஒன்றுமில்லை. மணல் மேடை, நடுவில் சேலைத் திரை. புளியங்கொட்டை காலாள், களிமண் உருண்டை யானை, கொட்டைப்பாக்கு முரசு. எதிரியின் முரசு எங்கே என்று தெரியாது. அதை எடுத்தவன் ஜெயித்தான்.

குன்றிமணிதான் ஒற்றன். போகிற வழியை நடுவர் காதில் சொல்லிவிட வேண்டும். அவர் திரைக்கு அந்தப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்து, கண்டதைச் சொல்வார். அந்த வழியில் எதிரி காவல் வைத்திருந்தால் குன்றிமணி திரும்பாது. "வரலை" என்பார், அவ்வளவுதான்.

காலையில் தொடங்கிய ஆட்டத்தைச் சாப்பாட்டுக்கு நிறுத்தியிருந்தார்கள்.

"எத்தனை குன்றிமணி விட்டீங்க?" என்றாள் அணஞ்சி.

"அஞ்சு."

"வந்தது?"

"நாலு. நாலும் ஒரே வாக்கு. கிழக்கு மேட்டுல யானையும் ஆளுமா ஜேஜேன்னு கூட்டம். முரசு அங்கதான். மொத்தப் படையையும் அங்க இறக்கப் போறேன். நீ சரின்னு ஒரு வார்த்தை சொல்லு, போயிடுறேன்."

"போன வருஷம்?"

"வடக்கே கூட்டம்னாங்க. இறக்கினேன். முரசு இல்லை, மொத்தமா மாட்டிக்கிட்டேன்."

"அஞ்சாவது குன்றிமணி?"

மாறப்பன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

"வாயைக் கழுவு, தாயி! ஆட்டம் இன்னும் முடியலை!"

புளியங்காட்டு வழக்கம் அது. ஒவ்வொரு குன்றிமணிக்கும் ஊரில் ஒருவன் பேரை வைப்பார்கள். திரும்பாத குன்றிமணியின் பேரை மணல் கலைக்கிற வரைக்கும் எடுக்கக் கூடாது. பேச்சையே எடுக்கக் கூடாது. எடுத்தால் அந்த வீட்டுக்கு ஆகாது. பேச்சை எடுக்காதவர்கள் நினைப்பையும் எடுக்காமல் இருந்துவிட்டார்கள். மனுஷன் அப்படித்தானே.

அணஞ்சி சிரித்தாள்.

"சரி, விடுங்க. என் கதையைச் சொல்றேன். அதுல உங்க ஊர்க்காரங்க யாரும் இல்லை. ராஜா அனுப்பி ஏழு பேர் போனோம். மணல்ல இல்லை அண்ணே, நிஜமாவே. ஆளுக்கு ஒரு வழி. நான் வளையல் கூடையோட மேற்கு வாசல்ல நுழைஞ்சேன். யாரும் தடுக்கலை. ஒரு காவக்காரன் குடிக்கத் தண்ணிகூட குடுத்தான். எல்லாத்தையும் பார்த்தேன். வந்துட்டேன்."

"மத்தவங்க?"

"நான் ஒருத்திதான் வந்தேன்."

"அடி ஆத்தீ! பெரிய ஆளுதான் நீ."

"ராஜாவும் அதையேதான் சொன்னார். கழுத்துச் சங்கிலியைக் கழட்டிப் போட்டார். நான் சொன்ன வழியில முந்நூறு பேரைக் கூட்டிட்டுப் போனார். ஒருத்தரும் வரலை."

"நீ பார்த்தது பொய்யா?"

"பொய் இல்லை. பார்க்க விட்டதைப் பார்த்துட்டு வந்தேன்."

அதைச் சொல்ல அவளுக்கு இன்றைக்கும் வலித்தது. ஒரு வளையலை எடுத்து முந்தானையால் துடைத்தாள்.

மாறப்பன் சோற்று மூட்டையைக் கீழே வைத்தார். பிறகு மெல்லக் கேட்டார்.

"மத்த ஆறு பேரும் எந்த வழியா போனாங்க?"

"அதைத்தான் ராஜா கேக்கலை."

மாறப்பன் எழுந்து போனார். சோறு அங்கேயே கிடந்தது.

மணல் மேடையைச் சுற்றி இரண்டு ஊரும் கூடியிருந்தது. நடுவர் வெளியூர்க் குயவர், சடையன் என்று பேர். இரண்டு ஊருக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

"படை எங்கே போகுது?" என்றார் சடையன்.

"தெற்கே. பனங்காட்டு ஓடை வழியா."

"எவ்வளவு?"

"மொத்தமும்."

"தலைவருக்கு வெயில் தலைக்கேறிடுச்சு" என்றான் புளியங்காட்டுக்காரன் ஒருவன். மாறப்பனுக்கும் பயம்தான்.

சடையன் திரைக்கு அந்தப் பக்கம் போனார்.

பிறகு, "அடப்பாவி!" என்று ஒரு குரல். நெடுங்கரைத் தலைவர் காளத்தியின் குரல்.

சடையன் வெளியே வந்து கையை விரித்தார். உள்ளங்கையில் கொட்டைப்பாக்கு.

புளியங்காட்டுப் பெண்கள் குலவை போட்டார்கள். நாலு பேர் மண்வெட்டியோடு மடைக்கு ஓடினார்கள்.

காளத்தி திரையைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றார்.

"உன் ஒற்றன் நாலு பேரும் கிழக்கேதானய்யா பார்த்தாங்க? ஓடையைப் பத்தி உனக்கு யாரு சொன்னது?"

மணலை இன்னும் யாரும் கலைக்கவில்லை.

"வராத ஆளு" என்றார் மாறப்பன். பேரையும் சொன்னார்.